தமிழ் அலமாரிகளுக்கும் எண் கொடுங்கள்: நூலக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலக நிர்வாகக் குழுவினருக்கும், மின்வரைபடத் திட்டத்தின் பொறுப்பாளர்களுக்கும்,

புதுப்பிப்பு வேலை முடிந்து நூலகம் மறுபடி திறந்ததிலிருந்து, இணையப் பட்டியலில் ஆங்கில நூல் எதைத் தேடினாலும் பக்கத்திலேயே "எங்கே இருக்கிறது?" என்றொரு பொத்தான் வருகிறது. தொட்டால் தளத்தின் வரைபடம் விரிந்து, எத்தனையாவது வரிசை, எந்தப் பக்கம், எத்தனையாவது அலமாரி என்று சிவப்புப் புள்ளி வைத்துக் காட்டுகிறது. நல்ல ஏற்பாடு. தமிழ் நூலைத் தேடினாலும் அதே பொத்தான் வருகிறது. தொட்டால், தளத்தின் மூலையில் ஆரஞ்சு நிறக் கட்டம் ஒன்று, அதற்குள் "தமிழ்" என்ற ஒரே சொல். கவிதை கேட்டாலும் அதுதான், சமையல் கேட்டாலும் அதுதான், சோழர் வரலாறு கேட்டாலும் அதுதான்.

இதோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்போம். வரைபடம் வந்துவிட்டது என்று காரணம் சொல்லி, தமிழ் வரிசைகளின் முகப்பில் இருந்த பலகைகளையும் கழற்றிவிட்டீர்கள். "894.8111 கவிதை", "894.8113 நாவல், சிறுகதை" என்று எழுதியிருந்த இடத்தில் இப்போது திருகாணி ஓட்டைகள்தான் இருக்கின்றன. தகவல் மேசை இருந்த இடத்தில் தொடுதிரை நிற்கிறது. பழைய வழிகாட்டியும் போயிற்று, புதியதும் வந்து சேரவில்லை.

கேட்டதற்கு வந்த பதில் இரண்டே வரி. தமிழ்ப் பகுதி சிறியது, ஒரு சுற்றுச் சுற்றினால் வேண்டிய நூல் கிடைத்துவிடும் என்பது முதல் வரி. வாசகர் நிற்கும் இடத்தையே கைப்பேசியில் காட்டும் உட்புற வழிகாட்டி இரண்டாம் கட்டத்தில் வரும், அப்போது தமிழும் சேர்க்கப்படும் என்பது அடுத்த வரி. அந்தக் கட்டத்துக்குத் தேதி கிடையாது.

இரண்டையும் எங்களால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதைக் கணக்கோடு எழுதுகிறோம். எங்களில் பட்டியலாக்கம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், தட்டு அடுக்கும் தொண்டூழியர்கள் இருக்கிறார்கள், மென்பொருள் எழுதுபவர்களும் இருக்கிறார்கள். நூலகத்தின் பெயரை வேண்டுமென்றே இங்கே போடவில்லை. எங்களுக்கு வேண்டியது திருத்தம்.

முதலில் "சிறியது" என்ற வாதம். ஓர் அலமாரியின் அகலம் சுமார் 90 செ.மீ., தட்டு ஆறு. எடுக்கவும் வைக்கவும் இடம் விட்டு முக்கால் பங்கு நிரப்புவதுதான் நூலக வழக்கம். அப்படியானால் ஒரு தட்டில் 67 செ.மீ. அளவுக்கு நூல் நிற்கும். ஆங்கில நாவலின் முதுகை இரண்டரை செ.மீ. என்று வைத்தால் தட்டுக்கு 27, அலமாரிக்கு 160 சொச்சம். சிவப்புப் புள்ளியை நம்பிப் போகிறவர் அதிகம் போனால் 160 முதுகுகளைப் பார்ப்பார். தமிழ்க் கவிதைத் தொகுப்பு எண்பது, நூறு பக்கம். அதன் முதுகு முக்கால் செ.மீ. தேறினால் பெரிது. அதே தட்டில் 90 நிற்கும், அலமாரிக்கு 540 ஆகும். தரைப்பரப்பை அளந்தால் தமிழ்ப் பகுதி சிறியதுதான். புரட்ட வேண்டிய முதுகுகளை எண்ணினால் கணக்கு மாறிவிடுகிறது. கவிதை, நாடகம், சிறுவர் நூல் ஆகியவற்றுக்கு அலமாரி அளவில் காட்டினால்கூடப் போதாது, தட்டு வரைக்கும் காட்ட வேண்டும்.

இன்னொன்றையும் தட்டுக்கு அருகே நின்று பார்த்தால்தான் தெரியும். முக்கால் செ.மீ. முதுகில், நூலின் இடத்தைச் சொல்லும் அழைப்பெண் எழுதிய சீட்டு அடங்காது. முன்னட்டையிலும் பின்னட்டையிலும் மடித்து ஒட்டியிருப்பார்கள். நூல்கள் நெருங்கி நிற்கும்போது சீட்டின் நடுக்கீற்று மட்டும் தெரியும்: "4.81" என்று இரண்டு மூன்று இலக்கம், அதற்குக் கீழே எழுத்தாளர் பெயரின் நடு எழுத்து ஒன்று. பக்கத்து நூலிலும் அதே "4.81". எது எது என்று பார்க்க ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துத் திரும்பச் செருக வேண்டியிருக்கிறது. கடைசித் தட்டு என்றால் தரையில் உட்கார வேண்டும். தமிழ்ப் பகுதிக்கு வாடிக்கையாக வருபவர்களில் மூத்தோர் எத்தனை பேர் என்று உங்கள் ஊழியர்களையே கேட்டுப் பாருங்கள். ஒரு சுற்றுச் சுற்றுவது என்பது அவர்களுக்கு முழங்கால் விவகாரம். இழுத்த நூலைச் சரியான இடத்தில் செருகாமல் போவோரும் உண்டு, அதனால் அடுத்து வருபவரின் தேடல் இன்னும் நீளும்.

சிங்கப்பூரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1995 முதல் புளோக் (கட்டடம்) வரைக்கும் காட்டிக் கொடுக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டுக்கு மட்டும் "ஈசூன் பக்கம் வந்து தேடிப் பாருங்கள்" என்று விலாசம் கொடுத்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கிறது அந்த ஆரஞ்சுக் கட்டம்.

அடுத்து, வரைபடம் எப்படி வேலை செய்கிறது என்பது. உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியும். இந்த மடலைப் படிக்கும் வாசகர்களுக்காகச் சொல்கிறோம். பொத்தானுக்குப் பின்னால் இருப்பது ஓர் அட்டவணை, அவ்வளவுதான். அலமாரிக்கு ஒரு வரி. எந்தத் தளம், எந்தத் தொகுப்பு, வரிசை எண், வலமா இடமா, அலமாரி எண், அதில் முதலில் நிற்கும் நூலின் அழைப்பெண், கடைசியாக நிற்கும் நூலின் அழைப்பெண், படத்தில் புள்ளி வைக்க வேண்டிய இடம். நீங்கள் தேடும் நூலின் அழைப்பெண் எந்த வரியின் முதலுக்கும் கடைசிக்கும் நடுவே விழுகிறது என்று மென்பொருள் பார்த்து, அந்த அலமாரியில் புள்ளி வைக்கிறது. நூல் உண்மையில் அங்கே இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அங்கே இருக்க வேண்டும் என்பது மட்டுமே தெரியும். அட்டவணை சொதப்பினால் படம் எவ்வளவு அழகாக இருந்தும் பயன் இல்லை.

தமிழுக்கு அந்த அட்டவணையில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது என்பதை வெளியிலிருந்தே கண்டுகொள்ள முடிகிறது. நூல்களுக்குத் துறைவாரியாக எண் கொடுக்கும் டியூயி வகைப்பாட்டில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811-இல் அடங்கும். கவிதை 894.8111, நாடகம் 894.8112, புனைகதை 894.8113, கட்டுரை 894.8114. அதாவது தமிழ் வாசகருக்கு வேண்டிய வேறுபாடு தசமப் புள்ளிக்குப் பிறகு நான்காவது இலக்கத்தில்தான் தொடங்குகிறது. அட்டவணையை எக்செல்லில் தயாரித்து, அழைப்பெண்ணை எண்ணாக வைத்து, இரண்டு தசம இடம் என்று அமைத்திருந்தால், சிஎஸ்வி என்ற வெறும் உரைக் கோப்பாகச் சேமிக்கும்போது திரையில் தெரிவதுதான் கோப்பில் இறங்கும். நான்கும் 894.81 ஆகிவிடும். ஆங்கில நாவல்களை எழுத்தாளர் பெயரை வைத்தே அடுக்கியிருப்பதாலும், மற்ற துறைகள் பெரும்பாலும் முதல் சில இலக்கத்திலேயே பிரிந்துவிடுவதாலும், அங்கே இந்தப் பிழை அவ்வளவாகக் கண்ணில் படாது.

சான்றும் இருக்கிறது. மலையாள இலக்கியத்தின் எண் 894.812, கன்னடத்துக்கு 894.814. மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்த நாவல் ஒன்றை உங்கள் பட்டியலில் தேடிப் பாருங்கள். நூல் ஆங்கிலப் பகுதியில் நிற்கிறது. வரைபடமோ வாசகரைத் தமிழ்க் கட்டத்துக்கு அனுப்புகிறது. இதில் இரண்டு தவறுகள் சேர்ந்தே தெரிகின்றன: எண் இரண்டு தசமத்தோடு வெட்டுப்பட்டிருக்கிறது, தொகுப்புக் குறியீட்டை மென்பொருள் பார்க்கவே இல்லை. தொகுப்பைப் பார்க்காவிட்டால் 894.8113 என்ற ஒரே எண்ணுக்குச் சிறுவர் பகுதி, பெரியவர் பகுதி, உசாத்துணைப் பகுதி என்று மூன்று இடம் உண்டு. சிறுவர் கதை தேடும் தொடக்கநிலை மாணவரை மேல்தளத்துக்கு அனுப்புவது இப்படித்தான் நடக்கிறது.

திருத்தம் எளிது. அழைப்பெண் பத்தியை உரையாக வையுங்கள், எண்ணாக வேண்டாம். தளம், தொகுப்பு, அழைப்பெண் மூன்றும் சேர்ந்துதான் சாவி. அதோடு, ஒவ்வொரு தட்டுக்கும் முதல் நூலின் அழைப்பெண்ணை மட்டும் பதியுங்கள். கடைசி எது என்பதை அடுத்த தட்டின் முதலிலிருந்து மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளட்டும். முதலையும் கடைசியையும் கையால் பதிந்தால் இரண்டு தட்டுகளுக்கு நடுவே இடைவெளி விழும். அந்த இடைவெளியில் விழும் நூலுக்கு வரைபடமே வராது. அல்லது எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரு நூலுக்கு இரண்டு புள்ளி வரும். இரண்டும் ஆங்கிலப் பகுதியிலேயே இப்போது ஆங்காங்கே நடக்கின்றன. தமிழுக்கென்று நாங்கள் கேட்பது அதற்கும் மருந்து.

எழுத்தாளர் பெயர் விஷயம் கொஞ்சம் சிக்கலானது, விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரியவர் பகுதியில் எண்ணுக்குக் கீழே எழுத்தாளர் பெயரின் மூன்று ரோமன் எழுத்துகளை ஒட்டுகிறீர்கள். அந்த மூன்று எழுத்து எங்கிருந்து வருகிறது? சில நூல்களுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பு முறையிலிருந்து வந்திருக்கிறது. அந்த முறையில் ச எப்போதும் 'சி' என்ற ரோமன் எழுத்து. சண்முகம் என்ற பெயருக்குச் சீட்டில் சி-ஏ-என். வேறு சில நூல்களுக்குப் பதிப்பகம் உள்பக்கத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும் பெயரை அப்படியே எடுத்திருக்கிறார்கள். அங்கே அதே பெயர் எஸ்-எச்-ஏ. ஞானம் என்பவர் ஒரு முறையில் 'என்' எழுத்திலும் இன்னொன்றில் 'ஜி' எழுத்திலும் போய் நிற்கிறார். இதற்கு மேல் முன்னெழுத்துத் தொல்லை வேறு: "மு." என்று பெயருக்கு முன்னால் இருப்பதை ஒரு நூலில் பெயரின் முதல் எழுத்தாக எடுத்து, அடுத்த நூலில் விட்டிருக்கிறார்கள். ஒரே எழுத்தாளரின் நூல்கள் நான்கு அலமாரி தள்ளி இரண்டு இடத்தில் நிற்பதற்கு இதுதான் காரணம். ஒவ்வொரு நூலாகத் தேடுகிறவருக்கு வரைபடம் இதைச் சமாளித்துவிடும். இவர் எழுதிய எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று வருகிறவர் பாதியைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதான் போலிருக்கிறது என்று போய்விடுவார்.

சிறுவர் பகுதியில் தமிழ் எழுத்திலேயே சீட்டு ஒட்டியிருக்கிறீர்கள். மனமாரப் பாராட்டுகிறோம், பெரியவர் பகுதிக்கும் அதுவே வேண்டும். ஆனால் அட்டவணையில் வரிசைப்படுத்தும்போது ஒரு கண்ணி இருக்கிறது. கணினி எழுத்துகளுக்குத் தரும் யுனிகோடு எண்களின் வரிசை வேறு, நம் அகரவரிசை வேறு. யுனிகோட்டில் ன என்பது ந-வுக்கு அடுத்தே வந்துவிடும். அகரவரிசையில் அது கடைசி மெய். ஆகவே கமலா முன்னே, கனகா பின்னே என்று ஊழியர் சரியாக அடுக்கியிருப்பார். மென்பொருள் கனகாவை முன்னே தேடும். மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளியின் கதையும் இதே. அகராதியில் கண்ணன் வந்த பிறகுதான் கணபதி. யுனிகோட்டில் புள்ளியின் எண் பெரியது என்பதால் கணபதி முந்திக்கொள்கிறார். ற, ழ, ள, வ ஆகியவையும் இடம் மாறி நிற்கும். யுனிகோடு கூட்டமைப்பே தமிழுக்கென்று வகுத்துத் தந்திருக்கும் வரிசைவிதி இருக்கிறது. தரவுத்தளத்தில் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும், புதிதாக எதுவும் எழுத வேண்டாம். கொ, கோ போன்ற எழுத்துகளின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் ஒரே வடிவுக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால் கோபாலைத் தேடினால் கோபால் கிடைக்க மாட்டார்.

இவ்வளவையும் சரிசெய்தாலும் வரைபடம் கெட்டுப்போகும். பெரும்பாலும் அதைக் கெடுப்பது நூல்களின் நகர்த்தல்தான்.

தமிழ் நூல்கள் மாதத்துக்குக் கொஞ்சமாக வருவதில்லை, கொத்தாக வருகின்றன. முக்கால் பங்கு நிரம்பியிருந்த தட்டு ஒரே நாளில் வழிகிறது. ஊழியர் என்ன செய்வார்? பத்து நூலை அடுத்த தட்டுக்குத் தள்ளுவார், அங்கிருந்து பத்தை அதற்கடுத்த தட்டுக்குத் தள்ளுவார். மாலைக்குள் ஒரு வரிசை முழுக்க அரைத் தட்டு நகர்ந்திருக்கும். பழைய நூல்களைக் கழிக்கும்போது இதே நகர்வு எதிர்த்திசையில் நடக்கும். இரண்டு சமயத்திலும் அட்டவணையை யாரும் தொடுவதில்லை, ஏனென்றால் அது யாருடைய வேலை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆங்கிலப் பகுதியில் அலமாரி அளவில் காட்டுவதால் அரைத் தட்டு நகர்ந்தாலும் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறீர்கள்.

ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருகிறது. அந்த மாதம் முழுவதும் நல்ல நூல்களாகப் பார்த்து எடுத்து நுழைவாயில் காட்சி மேசையில் வைக்கிறீர்கள். பட்டியல் மட்டும் "அலமாரியில் உள்ளது" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். தமிழ் நூலைத் தேடி அதிகம் பேர் வரும் மாதத்தில் அதிகம் தவறு சொல்வதும் அதே பட்டியல்தான். காட்சி மேசைக்கென்று தற்காலிக இடக் குறியீடு ஒன்றை உருவாக்கி, எடுக்கும்போது ஒரு முறையும் திரும்ப வைக்கும்போது ஒரு முறையும் கட்டாக ஸ்கேன் செய்தால் வரைபடம் தானாக மேசையைக் காட்டும். திருப்பித் தந்த நூல்களுக்கும் இதே கதி. தானியங்கிப் பெட்டிக்குள் போட்ட நொடியில் நிலை மாறிவிடுகிறது, நூலோ தள்ளுவண்டியில் கிடக்கிறது. "இன்று திரும்பியது, தள்ளுவண்டியிலும் பாருங்கள்" என்று ஒரு வரியும், வண்டி நிற்கும் இடத்தில் ஒரு புள்ளியும் போதுமே.

தட்டு நகர்ந்தால் அட்டவணையை எப்படிப் புதுப்பிப்பது? ஒவ்வொரு தட்டின் இடது விளிம்பிலும் பட்டைக்குறி போட்ட ஒட்டுச்சீட்டு ஒன்று வேண்டும்: வரிசை, பக்கம், அலமாரி, தட்டு. நகர்த்தி முடித்ததும் கையடக்கக் கருவியால் அந்த ஒட்டுச்சீட்டை ஒரு முறை, அதில் முதலில் நிற்கும் நூலை ஒரு முறை ஸ்கேன் செய்ய வேண்டும். தமிழ்ப் பகுதியை 20 அலமாரி என்று வைத்துக்கொள்வோம். 120 தட்டு, தட்டுக்குப் பத்து நொடி, மொத்தம் இருபது நிமிடம். இதில் ஒரே ஓர் அபாயம்: முதலில் நிற்கும் நூலே இடம் மாறி வந்த நூலாக இருந்தால் தட்டின் எல்லை முழுவதும் பிசகிவிடும். ஆகையால் புதிய தட்டின் முதல் எண் முந்தைய தட்டின் முதல் எண்ணைவிடப் பெரிதாக இல்லாவிட்டால் கருவி அதை ஏற்கக் கூடாது. சத்தம் போட வேண்டும். இந்த ஒரு நிபந்தனையிலேயே பெரும்பாலான தவறு பிடிபட்டுவிடும், தாறுமாறாக அடுக்கிய தட்டும் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

நூலில் ஒட்டிய சில்லை வானலையால் படிக்கும் ஆர்எஃப்ஐடி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கக்கூடும். 1998-லேயே புக்கிட் பாத்தோக் நூலகத்தில் ஆர்எஃப்ஐடியைச் சோதித்துப் பார்த்த ஊர் இது. தட்டுகளைத் தானே ஸ்கேன் செய்யும் ரோபோவைப் பாசிர் ரிஸ் நூலகத்தில் ஓட்டிப் பார்த்த ஊரும்கூட. திறமைக்குக் குறைவில்லை. ஆனால் மெல்லிய நூல்களில் சில்லுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும்போது ஒன்றின் அலைவரிசையை மற்றொன்று கெடுக்கும், கருவி சிலவற்றைத் தவறவிடும். 90 கவிதை நூல் நிற்கும் தட்டில் கருவிக்குக் கேட்காத நூலை "இல்லை" என்று முடிவுகட்ட முடியாது. புதிய நூல்களுக்குச் சில்லு ஒட்டும்போது ஒன்றுக்கு மேலே, ஒன்றுக்கு நடுவில், ஒன்றுக்குக் கீழே என்று மாற்றி மாற்றி ஒட்டினால் இது பெருமளவு குறையும். ஒட்டும் இடத்தை மாற்றக் காசு செலவில்லை.

இனி அந்த இரண்டாம் கட்டம். ஜிபிஎஸ் கட்டடத்துக்குள் எடுபடாது என்பதால் புளூடூத் பீக்கன்களை (அலை அனுப்பும் சிறு கருவிகளை) வைத்து இடம் காட்டப் போவதாகத் தெரிகிறது. அதன் துல்லியம் சில மீட்டர். நூலகத்தில் இருப்பதோ இரும்பு அலமாரி. அலைகள் அதில் பட்டுத் தெறிக்கும். மூன்று மீட்டர் பிசகினால் மூன்று அலமாரி தள்ளிப் போகும், அல்லது பக்கத்து வரிசையிலேயே நிற்பதாகக் காட்டும். நகரும் நீலப் புள்ளி பார்க்க அழகுதான். அதற்கு அடியிலும் இதே அட்டவணைதான் வேண்டும்: வாசகர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்து, நூல் எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால் என்ன லாபம்? பீக்கன்களுக்கு பேட்டரி மாற்றும் வேலையும் புதிதாகச் சேரும். அதைக் காட்டித் தமிழைக் காத்திருக்கச் சொல்வதில் தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் இல்லை.

தொடுதிரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். நுழைவாயில் திரையில் வடக்கு மேலே இருக்கிறது; திரைக்கு முன்னால் நிற்பவர் பார்ப்பதோ தெற்கு நோக்கி. படத்தில் இடப்பக்கம் தெரியும் வரிசை நிஜத்தில் வலப்பக்கம் வருகிறது. "நீங்கள் இங்கே" என்று போட்ட எந்தப் படமும் பார்ப்பவர் முகம் நோக்கும் திசை மேலே வருமாறு திருப்பி இருக்க வேண்டும். கைப்பேசிப் படத்தையும் இந்தத் திரைப் படத்தையும் ஒரே கோப்பிலிருந்து எடுத்திருப்பதால் வந்த வினை. மொழியைத் தமிழுக்கு மாற்றினால் "எங்கே இருக்கிறது?" பொத்தானே மறைந்துவிடுகிறது என்பதையும் இதே மூச்சில் பதிவு செய்கிறோம். தமிழில் தேடுகிறவருக்குத்தான் அந்தப் பொத்தான் முதலில் வேண்டும்.

எல்லா வரைபடமும் வரிசையின் முகப்பில் முடிந்துவிடுகிறது. கடைசி மூன்று அடிக்கு வழி சொல்வது பலகை. "வரிசை 14, இடப்பக்கம்" என்று திரை சொல்லி, 14 என்ற எண் வரிசையில் எங்கும் எழுதியிராவிட்டால் அந்தப் படத்தை என்ன செய்வது? வரைபடம் வந்ததால் பலகை வேண்டாம் என்பது தலைகீழ்த் தர்க்கம். வரைபடம் வந்ததால்தான் பலகை முன்னைவிட அதிகம் வேண்டும்.

ஆகவே நாங்கள் கேட்பவை:

கழற்றிய முகப்புப் பலகைகளை இந்த மாதத்துக்குள் திரும்ப மாட்டுங்கள். பழையவை குப்பைக்குப் போயிருந்தால் ஏ4 தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒட்டினாலும் போதும். வரிசை எண், பக்கம், எண்ணின் எல்லை, அதன் பெயர் தமிழில். நிரந்தரப் பலகை பிறகு வரட்டும்.

ஆரஞ்சுக் கட்டத்தை நீக்கி, தமிழ்ப் பகுதியைத் தட்டு அளவில் அட்டவணையில் ஏற்றுங்கள். ஒட்டுச்சீட்டு தயாரிப்பது, தட்டுதோறும் முதல் நூலைப் பதிவது, அகரவரிசை சரியா என்று பார்ப்பது மூன்றுக்கும் தமிழ் படிக்கத் தெரிந்த தொண்டூழியர்கள் வரத் தயாராக இருக்கிறோம். நூலகம் திறக்கும் முன் இரண்டு காலை வேளைகள் உள்ளே விட்டால் முதல் சுற்றை முடித்துத் தருவோம். ஆனால் அட்டவணைக்குப் பொறுப்பு ஒரு சம்பள ஊழியரிடம் இருக்க வேண்டும், அவர் பணிப்பட்டியலில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். தொண்டூழியர் வருவார், போவார்.

அழைப்பெண்ணை உரையாக மாற்றுவது, தொகுப்புக் குறியீட்டைச் சேர்ப்பது, தமிழ் வரிசைவிதியை இயக்குவது, தமிழ் இடைமுகத்தில் பொத்தானைக் கொண்டுவருவது, நுழைவாயில் படத்தைத் திருப்பி வைப்பது ஆகிய ஐந்தும் மென்பொருள் நிறுவனத்திடம் சொல்லிச் செய்யக்கூடியவை. இவற்றை இரண்டாம் கட்டத்திலிருந்து பிரித்து முதல் கட்டக் குறைதீர்ப்பாகக் கொடுங்கள்.

எழுத்தாளர் பெயர்ச் சீட்டுகளுக்கு ஒரே விதி வகுத்து வெளியிடுங்கள். பழைய நூல்களை ஒரே மூச்சில் மாற்றச் சொல்லவில்லை. இரண்டு இடத்தில் பிரிந்து நிற்கும் எழுத்தாளர்களின் பட்டியலை நாங்களே தொகுத்துத் தருகிறோம், அதிலிருந்து தொடங்கலாம்.

மாதம் ஒரு முறை சோதனை வேண்டும். பட்டியலில் "அலமாரியில் உள்ளது" என்றிருக்கும் தமிழ் நூல் இருபதைக் குலுக்கி எடுத்து, வரைபடத்தை மட்டும் நம்பிப் போய், காட்டிய தட்டிலேயே கிடைத்தவை எத்தனை, பக்கத்துத் தட்டில் கிடைத்தவை எத்தனை, கிடைக்காதவை எத்தனை என்று குறியுங்கள். ஆங்கிலப் பகுதிக்கும் அதே இருபது. இரண்டு எண்களையும் நூலக அறிவிப்புப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

இந்த மடலுக்கான பதிலை எழுத்தில், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தேதியோடு, தமிழிலும் தாருங்கள். மறுக்கும் கோரிக்கை இருந்தால் அதற்கான காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்ப் பகுதி வாசகர்களும் தொண்டூழியர்களும்
சிங்கப்பூர்